விளையாட்டு, உடல், அதிகாரம்: மேரிலாண்ட் பல்கலைக்கழகப் பயிற்சி அரங்கை முன்வைத்து

(மாணவர்கள் கூடிய வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



நான் பேச எடுத்துக்கொண்டது, அமெரிக்காவில் மேரிலாண்ட் பல்கலைக்கழகம் கட்டியிருக்கிற கால்பந்துப் பயிற்சி அரங்கம் பற்றி. நோட்டீசைப் பார்த்துவிட்டு ஒரு தம்பி வாசல்லயே மடக்கினார். "ஏண்ணே, நம்ம பசங்க விடுதியில கக்கூசுக்குக் கதவு இல்ல. நீங்க என்னடான்னா அமெரிக்காக்காரன் பந்து வெளையாடுற கட்டடத்தப் பத்திப் பேச வந்திருக்கீங்க." நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

1972-ல் பம்பாயில் தலித் இளைஞர்கள் ஓர் இயக்கம் தொடங்கியபோது, அதற்கு வைத்த பெயர் தலித் பேந்தர்ஸ். அமெரிக்காவில் 1966-ல் உருவான கறுப்புச் சிறுத்தைகள் கட்சியிலிருந்து எடுத்த பெயர். அந்தப் பெயர் பிறகு தமிழகத்துக்கும் வந்தது. அதற்கும் முன்னால், 1946-லேயே, பாபாசாகேப் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதி அவர்களுடைய நிலைமைக்கும் நம்முடைய நிலைமைக்கும் உள்ள ஒற்றுமையைப் பேசியிருக்கிறார். ஆக அவர்களைப் பற்றிப் படிப்பது நமக்குப் பொழுதுபோக்கு இல்லை. அவர்கள் எங்கே ஜெயித்தார்கள், ஜெயித்த பிறகும் எங்கே ஏமாற்றப்பட்டார்கள் என்பது நமக்குப் பாடம். அந்தப் பாடம் ஒரே கட்டடத்துக்குள் மொத்தமாகக் கிடைக்கிறது. அதனால்தான் இதை எடுத்தேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நாம் ஆடுகிற கால்பந்து கிடையாது. முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, தலையில் ஹெல்மெட், தோளில் கவசம் என்று மாட்டிக்கொண்டு, எதிராளியை மோதித் தள்ளி முன்னேறுகிற ஆட்டம். பக்கத்துக்குப் பதினொரு பேர். அங்கே பல்கலைக்கழக அணிகள் ஆடுவதைப் பார்க்க சனிக்கிழமைகளில் ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று கூட்டம் கூடும். டிவி உரிமை கோடிக்கணக்கான டாலருக்கு விற்பனையாகும். மழை, பனி, இடி, வெயில் எதுவும் பயிற்சியைத் தடுக்கக்கூடாது என்பதற்காக 120 கஜம் நீளமுள்ள முழுத் திடலையும் கூரைக்குள்ளே கொண்டுவந்து கட்டுகிறார்கள். அதுதான் உள்ளரங்கப் பயிற்சிக்கூடம். பெரிய பல்கலைக்கழகம் ஒவ்வொன்றுக்கும் இப்போது இப்படி ஒன்று வேண்டியிருக்கிறது.

மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் கதை 1856-ல் ஒரு விவசாயக் கல்லூரியாகத் தொடங்குகிறது. நிறுவியவர் சார்லஸ் பெனடிக்ட் கால்வர்ட். பெரிய பண்ணைக்காரர், அடிமைகளை வைத்திருந்தவர். முதல் டிரஸ்டிகளில் பலரும் அப்படித்தான். கறுப்பின மக்களின் உழைப்பில் சேர்ந்த செல்வத்தில் எழுந்த கல்லூரி, அந்த மக்களின் பிள்ளைகளை நூறு வருஷத்துக்குப் பக்கமாக உள்ளே விடவில்லை.

வாசல் தானாகத் திறக்கவில்லை. 1935-ல் டொனால்ட் மரே என்ற கறுப்பின இளைஞர், பால்டிமோரில் இருந்த இந்தப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் சேர வழக்குப் போட்டு ஜெயித்தார். அவருக்காக வாதாடியவர்கள் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டனும் அவருடைய மாணவர் துர்குட் மார்ஷலும். மார்ஷல் பால்டிமோரிலேயே பிறந்து வளர்ந்தவர். கறுப்பர் என்பதால் சொந்த ஊர்ச் சட்டக் கல்லூரியில் தனக்கு இடமில்லை என்று தெரிந்து, வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படித்தவர். தனக்கு மூடின கதவை இன்னொருத்தனுக்குத் திறந்துவிட்டார். பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியும் ஆனார்.

ஆனால் சட்டக் கல்லூரி திறந்ததால் மொத்தப் பல்கலைக்கழகமும் திறந்துவிடவில்லை. காலேஜ் பார்க் ஊரிலுள்ள முதன்மை வளாகத்தில் பாரன் மிட்செல் மேற்படிப்புக்குள் நுழைந்தது 1950-ல். அதுவும் வழக்குப் போட்டுத்தான். இளநிலையில் ஹைராம் விட்டில் நுழைந்தது 1951-ல். 1936 முதல் 1954 வரை பல்கலைக்கழகத்தின் தலைவராக, நம்ம ஊர்க் கணக்கில் துணைவேந்தராக, இருந்தவர் ஹாரி பேர்ட். ஒரு காலத்தில் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராகவும் இருந்தவர். இனப் பிரிவினையை வெளிப்படையாகத் தாங்கிப் பிடித்தவர். அவர் பெயரில்தான் 1950-ல் அங்கே ஸ்டேடியம் திறந்தார்கள். ஒரே வளாகத்தில் ஒரே காலத்தில், ஒருபக்கம் கறுப்பு மாணவனுக்கு இடமில்லை என்று கோர்ட்டில் வாதம், மறுபக்கம் அப்படி வாதாடச் சொன்னவர் பெயரில் விளையாட்டு மைதானம்.

இந்த வளாகத்தில் 1955-ல் எழுந்ததுதான் கோல் ஃபீல்டு ஹவுஸ். பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய கூடைப்பந்து அரங்கம். நான் சொல்கிற பயிற்சிக்கூடம் பின்னால் இந்தக் கட்டடத்துக்குள்தான் வருகிறது. அதற்கு முன்பு இங்கே நடந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

1963-ல் டாரில் ஹில் மேரிலாண்ட் கால்பந்து அணியில் ஆடினார். அந்த அணி இருந்த அட்லாண்டிக் கோஸ்ட் போட்டிக்குழுவில் ஆடிய முதல் கறுப்பின வீரர் அவர்தான். தெற்கத்தி மாநிலங்களுக்குப் போய் ஆடும்போது கூட்டம் முழுக்க வெள்ளையர். ஏச்சு, மிரட்டல் எல்லாம் உண்டு. தென் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆட்டத்தைப் பார்க்க அவருடைய தாய் போயிருக்கிறார். வாயிலில் தடுத்துவிட்டார்கள். மகன் திடலுக்குள்ளே இருக்கிறான், தாய்க்கு வெளியே நில் என்று உத்தரவு. கடைசியில் அந்தப் பல்கலைக்கழகத் தலைவரே வந்து அவரைத் தன்னோடு அழைத்துப்போய் உட்காரவைத்தார். ஹில் அன்றைக்குப் பத்துப் பந்துகளைப் பிடித்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மகனை ஏன் உள்ளே விட்டார்கள்? அவன் ஓடுவான், பந்தைப் பிடிப்பான், அணிக்குப் புள்ளி சேர்ப்பான். தாயால் என்ன லாபம்? உடலுக்கு அனுமதி, உறவுக்கு அனுமதி இல்லை. பறையடிக்க வா, பந்தியில் உட்காராதே என்று நமக்குச் சொன்ன அதே ஏற்பாடு. இது ஒப்புமைக்காகச் சொல்வதில்லை. உழைக்கும் உடலையும் உரிமையுள்ள மனிதனையும் தனித்தனியாகப் பிரித்து வைத்தால்தான் இப்படிப்பட்ட சமூகம் நடக்கும்.

அதே 1963 பருவத்தில் இன்னொன்றும் நடந்தது. வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தோடு ஆட்டம். கூட்டம் ஹில்லை ஏசிக்கொண்டே இருக்கிறது. எதிரணியின் வெள்ளை வீரர் பிரையன் பிக்கோலோ நேராக வந்து, மொத்தக் கூட்டமும் பார்க்க, ஹில்லின் தோளில் கைபோட்டார். கூட்டம் அடங்கியது. இதையும் சொல்ல வேண்டும். எல்லாரும் ஒரே மாதிரி என்று சொல்லிவிட்டால் நமக்கு அரசியல் செய்ய வேலையே இல்லை.

1965-ல் பில்லி ஜோன்ஸ் கோல் அரங்கில் மேரிலாண்ட் கூடைப்பந்து அணிக்காக இறங்கினார். அந்தப் போட்டிக்குழுவின் கூடைப்பந்தில் முதல் கறுப்பின வீரர். அடுத்த வருஷம், 1966 மார்ச் 19, அதே அரங்கில் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான தேசிய இறுதி ஆட்டம். ஒருபக்கம் கென்டகி, முழுக்க வெள்ளையர் அணி. மறுபக்கம் டெக்சாஸ் வெஸ்டர்ன். ஆட்டத்தைத் தொடங்கிய ஐந்து பேரும் கறுப்பர்கள். பாபி ஜோ ஹில், டேவிட் லாட்டின், ஆர்ஸ்டன் ஆர்ட்டிஸ், வில்லி வொர்ஸ்லி, ஹாரி ஃப்ளூர்னாய். ஒரு அணியில் இத்தனை கறுப்பர்தான் ஒரே நேரத்தில் ஆடலாம் என்ற எழுதப்படாத சட்டம் நடப்பில் இருந்த காலம். கறுப்பனுக்கு வேகம் உண்டு, புத்தி கிடையாது, வழிநடத்த ஒரு வெள்ளையன் வேண்டும் என்பது அன்றைய பொதுப்புத்தி. 72க்கு 65 என்று டெக்சாஸ் வெஸ்டர்ன் ஜெயித்தது. அந்த ஐந்து பேரும் ஒரு கட்டுக்கதையை நாடே பார்க்க உடைத்துப் போட்டார்கள்.

அந்த வருஷம் அக்டோபரில்தான் கலிஃபோர்னியாவில் கறுப்புச் சிறுத்தைகள் கட்சி உருவாகிறது. ஆட்டம்தான் கட்சியை உண்டாக்கியது என்று நான் சொல்லவரவில்லை. ஒரே காற்று இரண்டு இடத்திலும் வீசியிருக்கிறது.

இனி பயிற்சிக்கூடத்துக்கு வருவோம். 2002-ல் கூடைப்பந்து அணி புது அரங்கத்துக்குப் போய்விட்டது. கோல் அரங்கம் பல வருஷம் சும்மா கிடந்தது. 2014-ல் அதைக் கால்பந்துப் பயிற்சிக்கூடமாக மாற்றும் திட்டத்தை அறிவித்தார்கள். அறிவித்த மதிப்பீடு 15 கோடியே 50 லட்சம் டாலர். அங்கே கால்பந்து ஆடிப் பிற்பாடு அண்டர் ஆர்மர் என்ற விளையாட்டுச் சாமான் கம்பெனியை நிறுவிய கெவின் பிளாங்க் 2 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்தார். ஐந்து கறுப்பர்கள் ஜெயித்த மரத்தரையும் பார்வையாளர் இருக்கைகளும் போய், அந்த இடத்தில் முழுநீளச் செயற்கைப் புல்தரை வந்தது. 2017 ஆகஸ்டில் பயிற்சித் திடல் திறந்தது. விளையாட்டு மருத்துவ ஆராய்ச்சி மையமும் அதே கட்டடத்தில் வரும் என்றார்கள். இந்த மருத்துவ மையத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பணத்தை ஏன் கட்டடத்தில் கொட்டுகிறார்கள்? இதற்குப் பின்னால் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பல்கலைக்கழக வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கக்கூடாது என்பது என்.சி.ஏ.ஏ. என்ற அவர்களுடைய தேசிய விளையாட்டுச் சங்கத்தின் விதியாக இருந்தது. படிப்பு உதவித்தொகை, சாப்பாடு, தங்குமிடம், அவ்வளவுதான். வருமானமோ கோடிகளில். விளையாடுகிறவனுக்குப் போகக்கூடாத பணம் எங்காவது போயாக வேண்டுமே? பயிற்சியாளர் சம்பளத்துக்குப் போனது. கட்டடத்துக்குப் போனது. நல்ல வீரனைப் பணம் கொடுத்து இழுக்க முடியாதிருந்ததால், பதினேழு வயசுப் பையனைக் கூட்டிவந்து, "பார், உனக்காக எப்படிக் கட்டியிருக்கிறோம்" என்று காட்டி இழுத்தார்கள். மேலே சொன்ன அதே கிளெம்சன் 2017-ல் ஐந்தரைக் கோடி டாலரில் கால்பந்து அணிக்கென்று ஒரு கட்டடம் திறந்தது. உள்ளே சறுக்குமரம், பௌலிங், சின்ன கோல்ஃப் திடல், தூங்குவதற்கு அறை. அந்தப் பல்கலைக்கழகம் நிற்பது அடிமைமுறையின் பெரிய வக்கீலான ஜான் கால்ஹூனின் பண்ணை நிலத்தில். 2020-ல் அதன் ஸ்டேடியத்துக்குப் பக்கத்துக் கல்லறை மேட்டில் அடையாளமில்லாத புதைகுழிகளைக் கண்டுபிடித்தார்கள். 600-க்கு மேல். பெரும்பாலும் அடிமைகளும் கைதிகளும் கூலிகளுமாக அந்த மண்ணில் உழைத்துச் செத்த கறுப்பின மக்கள் என்று கருதப்படுகிறது.

சம்பளம் இல்லை என்பதற்குச் சொன்ன காரணம் ஒரே ஒரு சொல்: 'மாணவ விளையாட்டு வீரர்'. அழகான சொல்லாகத் தெரியும். பிறந்த இடத்தைப் பாருங்கள். 1955-ல் கொலராடோவில் ரே டெனிசன் என்ற வீரர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்துபோனார். வேலையில் இறந்த தொழிலாளிக்குரிய நட்ட ஈடு வேண்டும் என்று அவர் மனைவி கேட்டார். அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1957-ல் கிடையாது என்றது. இந்த மாதிரி வழக்குகளிலிருந்து தப்பிக்க என்.சி.ஏ.ஏ. அன்றைக்கு உருவாக்கிப் பரப்பிய சொல் அது. தலைமை அதிகாரியாக இருந்த வால்டர் பையர்சே 1995-ல் எழுதிய தன் நூலில் இதை ஒத்துக்கொண்டார். நம்மிடம் 'தொண்டு', 'கடமை' என்ற சொற்கள் என்ன வேலை செய்தன என்று யோசித்தால் இது புரியும். கூலி கேட்காமல் இருக்க ஒரு புனிதப் பெயர்.

இது கொஞ்சம் கொஞ்சமாக உடைந்துவருகிறது. 2021-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆல்ஸ்டன் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அதே வருஷம் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குத் தந்து சம்பாதிக்கலாம் என்று ஆனது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசத்தின்படி, ஒரு பல்கலைக்கழகம் முதல் வருஷத்தில் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை தன் வீரர்களுக்குப் பங்கிட்டுத் தரலாம். இதெல்லாம் வழக்கு மேல் வழக்குப் போட்டு வாங்கியது.

கோல் அரங்கில் பயிற்சித் திடல் திறப்பதற்கு மூன்று மாதம் முன்பு, 2017 மே 20 அதிகாலையில், அதே வளாகத்தின் பஸ் நிறுத்தத்தில் ரிச்சர்ட் காலின்ஸ் என்ற கறுப்பின மாணவர் குத்திக் கொல்லப்பட்டார். பக்கத்திலுள்ள போவி மாநிலப் பல்கலைக்கழக மாணவர். இராணுவத்தில் இரண்டாம் லெப்டினன்ட்டாக அப்போதுதான் பொறுப்பேற்றவர். இன்னும் சில நாளில் பட்டம் வாங்க இருந்தவர். கொன்றவன் மேரிலாண்ட் பல்கலைக்கழக வெள்ளை மாணவன். பந்து ஆடுகிற கறுப்பு உடலுக்குக் கோடிக்கணக்கில் கூரை போட்டுக்கொண்டிருந்த அதே நேரம், பஸ்ஸுக்கு நிற்கிற கறுப்பு உடலுக்கு அந்த வளாகத்தில் பாதுகாப்பு இல்லை.

சரி, பந்து ஆடுகிற உடலுக்காவது பாதுகாப்பு இருந்ததா? இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

ஜோர்டன் மெக்நேர். பத்தொன்பது வயசு. மேரிலாண்ட் கால்பந்து அணியின் முன்வரிசைத் தடுப்பாளர். ஆறடி நான்கு அங்குல உயரம், முந்நூறு பவுண்டுக்கு மேல் எடை. 2018 மே 29, வெளித் திடலில் பயிற்சி. 110 கஜ ஓட்டம், பத்து முறை. பயிற்சி நடக்கும் இடத்தைக் கடைசி நேரத்தில் மாற்றியிருந்தார்கள். உடம்பைக் குளிர்விக்கிற தொட்டி புது இடத்தில் இல்லை. ஓட்டத்தின் நடுவே அவருக்குத் தசைப்பிடிப்பும் தள்ளாட்டமும் வந்தன. கூட இருந்தவர்கள் பிடித்துக்கொண்டு நடக்கவைத்தார்கள். ஆம்புலன்சைக் கூப்பிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆனது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது உடல் வெப்பம் 106 டிகிரி. கல்லீரல் மாற்று அறுவைகூடச் செய்தார்கள். ஜூன் 13-ல் இறந்துபோனார்.

கடும் உழைப்பில் வருகிற வெப்ப அதிர்ச்சிக்கு வைத்தியம் என்ன தெரியுமா? ஐஸ் போட்ட ஒரு தொட்டித் தண்ணீர். அவ்வளவுதான். சுருண்டு விழுந்தவனை அரை மணிக்குள் அந்தத் தொட்டியில் இறக்கினால் அநேகமாக எல்லாருமே பிழைத்துக்கொள்வார்கள். முதலில் குளிரவை, பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்பது அந்தத் துறையின் பாலபாடம். கோடிகளில் விளையாட்டு மருத்துவ மையம் கட்டிக்கொண்டிருந்த வளாகத்தில் ஒரு பையனைத் தொட்டித் தண்ணீரில் இறக்க ஆளில்லை. செப்டம்பரில் வெளிவந்த விசாரணை அறிக்கை இந்தத் தவறுகளை வரிசையாக எழுதியது. அதில் ஒரு காரணமும் பதிவாகியிருக்கிறது. பெரிய உடம்புக்காரன், தொட்டியில் மூழ்கிவிடுவானோ என்று பயந்தார்களாம். எந்தப் பெரிய உடம்புக்காகத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்தார்களோ, அதே உடம்பு காப்பாற்றாமல் விட்டதற்கும் காரணமாகிவிட்டது.

தண்ணீர் என்றதும் நமக்கு மஹாத் ஞாபகம் வரும். 1927-ல் சவுதார் குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளியதற்காக அடி வாங்கியவர்கள் நாம். ஆனால் இரண்டையும் ஒன்றாக்கக்கூடாது. அங்கே தீட்டு என்று மறுத்தார்கள். இங்கே யாரும் மறுக்கவில்லை. அந்த உடல் வேலை செய்யும்வரை கவனித்தார்கள், வேலை நின்றதும் என்ன செய்வது என்று யோசித்தே வைக்கவில்லை. மெக்நேர் இடத்தில் ஒரு வெள்ளைப் பையன் இருந்தாலும் செத்திருக்கலாம். அதையும் ஒப்புக்கொண்டுதான் பேச வேண்டும். ஆனால் அந்த வரிசையில் நிற்கிறவர்களில் அதிகம் யார், அந்த வேலையைத் தவிர வேறு வாசல் குறைவாக உள்ளவர்கள் யார் என்று கேட்டால் பதில் நிறத்துக்கே வந்து நிற்கும்.

அடுத்து நடந்தது இன்னும் முக்கியம். ஆகஸ்ட் 10-ல் ஈ.எஸ்.பி.என். செய்தி நிறுவனம் அந்த அணிக்குள் வீரர்களை அவமானப்படுத்துகிற, மிரட்டுகிற நடைமுறை இருந்ததை எழுதியது. எடை கூடிவிட்டான் என்று ஒருவனை, மற்றவர்கள் பயிற்சி செய்யும்போது எதிரே உட்காரவைத்து மிட்டாய் தின்னவைத்தார்களாம். உடற்பயிற்சிப் பயிற்சியாளர் விலகினார். தலைமைப் பயிற்சியாளர் டி.ஜே. டர்கின் விடுப்பில் அனுப்பப்பட்டார். பல்கலைக்கழகத் தலைவர் வாலஸ் லோ, சட்டப்படியும் தார்மீகமாகவும் பொறுப்பு எங்களுடையது என்று பெற்றோரிடம் சொன்னார். இன்னொரு குழு விசாரித்து, வீரர்கள் வாய்திறக்கப் பயந்ததால் பிரச்சினைகள் உள்ளுக்குள்ளேயே அழுகிப்போயின என்று அறிக்கை கொடுத்தது. பயந்தார்கள் என்றால் ஏன் பயந்தார்கள்? உதவித்தொகை பயிற்சியாளர் கையில், ஆட வாய்ப்பு பயிற்சியாளர் கையில், எதிர்காலமும் அவர் கையில். பண்ணையில் இருப்பவன் பேசுவானா?

அக்டோபர் 30. பல்கலைக்கழகங்களை ஆள்கிற ரீஜெண்டுகள் குழு முடிவை அறிவிக்கிறது. மாநில ஆளுநர் நியமிக்கிற ஆட்கள் அவர்கள். டர்கின் பதவியில் தொடரலாம் என்றார்கள். பொறுப்பு எங்களுடையது என்று சொன்ன லோ, வருகிற ஜூனில் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். செத்த பையனின் அப்பா மார்ட்டின் மெக்நேர் வயிற்றில் குத்தியது போலிருக்கிறது என்று குமுறினார்.

அன்றைக்கு டர்கின் அணியைச் சந்தித்தபோது சில வீரர்கள் எழுந்து வெளியே போய்விட்டார்கள். மெக்நேரோடு ஒரே பள்ளியில் படித்த சக வீரர் எல்லிஸ் மெக்கென்னி பகிரங்கமாகக் கண்டித்தார். மாணவர் பேரவை கண்டனப் பேரணி அறிவித்தது. ஆசிரியர்கள், சட்டமன்ற உறுப்பினர்கள், கடைசியில் ஆளுநரே கூட முடிவை மறுபரிசீலனை செய்யச் சொன்னார். அக்டோபர் 31 மாலை லோ, ரீஜெண்டுகளின் பேச்சை மீறி, டர்கினை நீக்கினார். நவம்பர் 1-ல் ரீஜெண்டுகள் குழுத் தலைவர் பதவி விலகினார். ஒரே நாள், தோழர்களே. மாதக்கணக்கில் விசாரணை, நூற்றுக்கணக்கான பக்க அறிக்கை எல்லாம் செய்ய முடியாததை, வெளியே எழுந்து போன சில பையன்களும் வளாகத்தின் கோபமும் ஒரே நாளில் செய்து காட்டின.

இந்தத் தெம்பு வீரர்களுக்குத் திடீரென்று வந்ததில்லை. 2015-ல் மிசோரி பல்கலைக்கழகத்தில் நிறவெறிக்கு எதிராக ஒரு மாணவர் உண்ணாவிரதம் இருந்தார். கறுப்பினக் கால்பந்து வீரர்கள், பல்கலைக்கழகத் தலைவர் போகும்வரை ஆடமாட்டோம் என்றார்கள். ஒரு ஆட்டம் நின்றால் 10 லட்சம் டாலர் அபராதம். இரண்டு நாளில் தலைவர் ராஜினாமா செய்தார். தங்கள் உடம்புக்கு என்ன விலை என்று நிர்வாகத்துக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தவர்கள், அது தங்களுக்கும் தெரியும் என்று காட்டினார்கள்.

விலை என்றதும் இன்னொரு கணக்கு. நீக்கப்பட்ட பயிற்சியாளருக்கு ஒப்பந்தப்படி தரவேண்டியிருந்தது ஏறத்தாழ 55 லட்சம் டாலர் என்று அன்றைய செய்திகள் கூறின. மகனைப் பறிகொடுத்த குடும்பத்துக்கு 2021-ல் கொடுக்க ஒப்புக்கொண்டது 35 லட்சம் டாலர். இதற்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெற்றோர் பணத்தோடு நிற்கவில்லை. மகன் பெயரில் அறக்கட்டளை வைத்து, ஊர் ஊராகப் போய்க் குளிர்த்தொட்டியின் அவசியத்தைச் சொன்னார்கள். 2021-ல் மேரிலாண்ட் மாநிலம் வீரர்களின் பாதுகாப்புக்காக ஜோர்டன் மெக்நேர் பெயரிலேயே ஒரு சட்டம் இயற்றியது.

அதே 2021-ல்தான் கோல் அரங்கிலுள்ள கால்பந்து இல்லத்துக்கு 'ஜோன்ஸ்-ஹில் இல்லம்' என்று பெயர் வைத்தார்கள். பில்லி ஜோன்ஸ், டாரில் ஹில். அதற்கு முன்பே, 2015 டிசம்பரில், மாணவர் போராட்டத்தால் ஸ்டேடியத்திலிருந்து பேர்டின் பெயர் எடுக்கப்பட்டது. பெயர்தானே, இதில் என்ன கிடைத்துவிட்டது என்று சிலர் கேட்கலாம். நாம் அப்படிக் கேட்க முடியாது. மரத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயர் வைக்க 1978 முதல் 1994 வரை பதினாறு வருஷம் போராடி, உயிரையும் வீட்டையும் பறிகொடுத்தவர்கள் நம் மக்கள். பெயர் சின்ன விஷயம் என்றால் அவன் ஏன் வீட்டைக் கொளுத்தினான்?

ஆனால் பெயரோடு நிறுத்திக்கொண்டால் ஏமாந்துபோவோம். இந்தக் கட்டடத்தின் அறுபது வருஷக் கதை நமக்குச் சொல்வது இதுதான். முதலில் உள்ளே வராதே என்றான். வழக்குப் போட்டு, ஆடி ஜெயித்து உள்ளே வந்தார்கள். வந்த பிறகு உடம்பை எடுத்துக்கொண்டான், கூரை போட்டான், பெயர்கூட வைத்தான். முடிவெடுக்கிற மேசையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு உயிர் போனதற்கு யார் பொறுப்பு, யார் வேலையில் இருக்கலாம் என்பதைத் திடலில் ஓடாத ஆட்கள் ஒரு அறையில் உட்கார்ந்து தீர்மானித்தார்கள். திடலில் பெரும்பான்மையாக இருப்பதும் அதிகாரத்தில் இருப்பதும் வேறு வேறு.

வாசல்ல கேட்ட தம்பிக்கு இப்ப பதில் சொல்றேன். நம்ம விடுதிக்குக் கதவு வேணும், கேட்போம், வாங்குவோம். நாளைக்குக் கதவு மட்டுமில்ல, ஏசி போட்ட ஜிம்மே கட்டித்தரலாம், தலைவர் பெயரும் வைக்கலாம். அன்னைக்கும் நாம கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. விடுதியை நடத்துற குழுவுல மாணவர் யாரு? புகார் சொன்னவன் உதவித்தொகை நிக்காதுன்னு உத்தரவாதம் யாரு தர்றது? ராத்திரி ஒரு பையனுக்கு உடம்புக்கு ஆகலன்னா வண்டி கூப்பிடுற பொறுப்பு எவன் பேர்ல எழுதியிருக்கு? இது மூணையும் எழுதி வாங்குங்க. மெக்நேர் செத்தது கட்டடம் இல்லாம இல்ல. இந்த மூணாவது கேள்விக்குப் பதில் இல்லாமதான் செத்தான்.

எழுந்து வெளியே போன அந்தச் சில பையன்களையும் மறந்துடாதீங்க. தனியா எழுந்தா நீக்கிடுவான். சேர்ந்து எழுந்ததாலதான் மறுநாள் உத்தரவு மாறுச்சு.